வரைந்த கைக்குக் கூலி, வாங்கிய கைக்குப் பட்டா!

“ஒரு தடவை வரை, ஆயுள் முழுக்க உட்கார்ந்து சாப்பிடு!”

பூவும் கொடியும் கிளியும் மயிலும் தீட்டத் தெரிந்த சித்திரக்காரர்களின் காதில் இன்று ஓதப்படும் மந்திரம் இதுதான். கம்பெனிக்காரர்கள் ஓதுகிறார்கள், ஏஜெண்டுகள் ஓதுகிறார்கள், பணம் வாங்கிக்கொண்டு வித்தை சொல்லிக் கொடுப்பவர்களும் ஓதுகிறார்கள். இந்த மந்திரத்தில் எவ்வளவு மாங்காய் விழும் என்று நாம் பார்க்க வேண்டாமா?

விஷயம் இதுதான். ஒருவர் தூரிகை பிடித்து ஒரு தாளில் பூவேலை தீட்டுகிறார். அந்தச் சித்திரத்தை ஒரு கம்பெனி எடுத்து, சுவரில் ஒட்டும் காகிதத்தில் கெஜக் கணக்கில் அச்சடிக்கிறது. அதே சித்திரம் திரைச்சீலையில் ஏறுகிறது; படுக்கை விரிப்பில், மேஜைத் துணியில், தலையணை உறையில், தேநீர்க் கோப்பையில் ஏறுகிறது. இப்படி அச்சடித்துக்கொள்ளக் கொடுக்கும் அனுமதிக்கு ‘லைசென்ஸ்’ என்று பெயர். விற்ற சரக்குக்கு இத்தனை சதவீதம் என்று வரைந்தவருக்குக் கொடுப்பதாகச் சொல்லும் பணத்துக்கு ‘ராயல்டி’ என்று பெயர்.

“சுவரில் காகிதம் ஒட்டும் சீமான் வீட்டுக் கதை நமக்கு எதற்கு? நம் வீட்டுச் சுவருக்குப் பொங்கலுக்கு ஒரு தரம் சுண்ணாம்பு அடிக்கவே ததிங்கிணத்தோம் போடுகிறோமே!” என்று ஆலைத் தோழரும் வயல் தோழரும் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தத் திரைச்சீலையையும் மேஜைத் துணியையும் நெய்து, தைத்து, மடித்து, பெட்டியில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர் யார்? கரூரில் இருக்கும் தொழிலாளி! அந்தப் பூவேலையைத் துணியில் தீட்டும் வித்தையை உலகத்துக்குக் காட்டியவர் யார்? சோழமண்டலக் கரையில் இருந்த நம் சாயக்காரர்! வரைந்தவரிடமிருந்து பட்டாவைப் பிடுங்கும் தந்திரம் எது? உழுதவனிடமிருந்து நிலத்தைப் பிடுங்கிய அதே தந்திரம்! ஆகவே, இது நம் கதைதான்.

பட்டாவும் குத்தகையும்

சட்டப் புத்தகத்தின் பாஷையை ஒதுக்கி வைத்துவிட்டு, வயற்காட்டுப் பாஷையில் பேசுவோம்.

காப்பிரைட் என்பது பட்டா. லைசென்ஸ் என்பது குத்தகை. ராயல்டி என்பது குத்தகைக்காரன் பட்டாதாருக்கு அளக்கும் நெல். சித்திரம்தான் நிலம். ஒரே ஒரு வித்தியாசம்: நிலத்தை ஒரு சமயத்தில் ஒருவன்தான் உழ முடியும், சித்திரத்தையோ ஒரே நாளில் சுவர்த்தாள்காரனுக்கும், துணிக்காரனுக்கும், பீங்கான்காரனுக்கும் தனித்தனியாகக் குத்தகைக்கு விடலாம்.

அப்படியானால் வரைந்தவர்தானே மிராசுதார்? கம்பெனி வெறும் குத்தகைக்காரன்தானே? தாளில் எழுதியிருப்பது அப்படித்தான். ஆனால் குத்தகைக்காரன் மாளிகையில் இருக்க, மிராசுதார் வீட்டு வாடகைக்குக் கடன் வாங்கும் வேடிக்கையை உலகத்தில் எங்காவது கண்டதுண்டா? இந்தத் தொழிலில் காணலாம்!

ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உதாரணத்துக்குச் சொல்லும் கணக்குத்தான். ஆனால் தொழிலில் நடப்பில் உள்ள வீதங்களை ஒட்டியது. ஒரு சுருள் சுவர்த்தாளின் மொத்த வியாபார விலை 1,000 ரூபாய் என்று வையுங்கள். ராயல்டி நூற்றுக்கு 5. ஆக 50 ரூபாய். நடுவில் ஓர் ஏஜெண்டு நிற்கிறார். அவருக்கு அதில் நூற்றுக்கு 40. ஆக 20 ரூபாய் போயிற்று. வரைந்தவர் கைக்கு வருவது 30 ரூபாய். அதே சுருள் கடையில் 2,000 ரூபாய்க்கு விற்றாலும் அவருக்கு 30 ரூபாய்தான். ஏனென்றால் சதவீதம் மொத்த விலைக்கே அன்றி, கடை விலைக்கு அல்ல.

அத்துடன் முடிந்ததா? முன்பணம் என்று ஒன்று உண்டே! கரும்பு வெட்டப் போகும் தோழருக்கும் செங்கல் சூளைத் தோழருக்கும் முன்பணம் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. 15,000 ரூபாய் முன்பணம் என்று கை நிறையக் கொடுப்பது போலக் கொடுப்பார்கள். அது கொடை அல்ல. ராயல்டியில் கழிக்கும் கடன். சுருளுக்கு 50 ரூபாய் வீதம் 300 சுருள் விற்றுத் தீரும்வரை வரைந்தவருக்கு மேற்கொண்டு காலணா வராது.

சரி, எத்தனை சுருள் விற்றது என்று கணக்கு எழுதுகிறவர் யார்? கம்பெனியின் குமாஸ்தா! களத்துமேட்டில் மரக்கால் பிடிப்பவன் யாருடைய ஆளோ, நெல்லும் அவன் பக்கமே சாயும். தஞ்சாவூர்க் களங்களில் மரக்கால் மிராசுதாரின் ஆளிடம் இருந்தது. இங்கே குத்தகைக்காரக் கம்பெனியின் ஆளிடம் இருக்கிறது. மரக்கால் பிடிக்கிறவன்தான் மாறினான், ஏமாறுகிறவன் மாறவில்லை!

சட்டத்தில் மூன்று பொறி

“பட்டா கையில் இருக்கிறதே, அது போதாதா?” என்பார் ஒருவர். பட்டா கையில் நிற்பதுதான் அபூர்வம். சட்டத்திலேயே மூன்று பொறி இருக்கிறது.

முதல் பொறி, 1957-ஆம் வருஷத்துக் காப்பிரைட் சட்டத்தின் 17-வது பிரிவு. ஒருவர் சம்பளத்துக்கு வேலை செய்யும்போது வரைந்த சித்திரம் யாருக்குச் சொந்தம்? வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், சம்பளம் கொடுத்தவருக்கே முதல் சொந்தம். வேலை பழகும் பிள்ளை வரைந்தாலும் அப்படியே. சம்பள ஆள் இல்லை, வீட்டில் இருந்து வரைகிறவர், ஒருவர் காசு கொடுத்து ஒரு வர்ணச் சித்திரம் வரையச் சொன்னார் என்றால்? அப்போதும், மாறாக எழுதிக்கொள்ளாவிட்டால், காசு கொடுத்தவரே முதல் சொந்தக்காரர். தறியில் நெய்த துணி முதலாளியுடையது என்பது நமக்குப் பழகிப்போன அநீதி. இங்கே மனசில் முளைத்த பூவே முதலாளியுடையது!

இரண்டாவது பொறி, ‘சகல உரிமையும்’ என்ற இரண்டு வார்த்தை. அதே சட்டத்தின் 19-வது பிரிவு என்ன சொல்லுகிறது? உரிமையை மாற்றிக் கொடுப்பதானால் எழுத்தில் கொடுக்க வேண்டும். காலம் குறிக்காவிட்டால் 5 வருஷம் என்றும், இடம் குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. நல்ல ஷரத்துதான். ஆனால் தாள் வாய் மூடியிருந்தால்தான் இந்த நன்மை. கம்பெனி வக்கீல் எழுதும் தாள் வாய் மூடியிருக்குமா? ‘நிரந்தரமாக, உலகம் முழுவதும், இன்றுள்ள சாமான்களுக்கும் இனிமேல் வரப்போகும் சாமான்களுக்கும்’ என்று அது வாயாரப் பேசும். வெற்றுப் பத்திரத்தில் கைநாட்டு வைத்த நம் பாட்டன் கதைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அது வெற்றுத் தாள். இது நிறைந்த தாள். அவ்வளவுதான்.

மூன்றாவது பொறி மிக நூதனமானது. அதே சட்டத்தின் 15-வது பிரிவு. சித்திரத்தை டிசைன் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யாமல், சொந்தக்காரர் தாமோ அவரிடம் லைசென்ஸ் வாங்கியவரோ யந்திரத்தொழில் முறையில் 50 தடவைக்கு மேல் சாமானில் ஏற்றிவிட்டால், அந்த டிசைனில் காப்பிரைட் அற்றுப்போகும். கவனியுங்கள்! லைசென்ஸ் கொடுத்தால் லாபம் என்று ஒருவர் கையெழுத்துப் போடுகிறார். அந்த லைசென்ஸின் பேரிலேயே ஐம்பத்தோராவது சுருள் யந்திரத்திலிருந்து இறங்கியதும் அவருடைய பட்டா சாம்பலாகிறது! பக்கத்துப் பட்டறைக்காரன் அதே பூவை அதே மாதிரித் துணியில் அடித்தாலும் அவர் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டியதுதான்.

பதிவு செய்தால் பிழைக்கலாமே என்றால், 2000-ஆம் வருஷத்து டிசைன் சட்டப்படி 10 வருஷம், அதன்மேல் நீட்டினால் 5 வருஷம் பாதுகாப்பு உண்டு. ஆனால் சாமான் வகுப்புக்கு ஒரு மனு, ஒரு கட்டணம். துணிக்கு ஒன்று, பீங்கானுக்கு ஒன்று. அதுவும் சித்திரத்தை ஊருக்குக் காட்டுவதற்கு முன்பே மனுச் செய்ய வேண்டும். வேலை தேடுகிறவர் தம் சித்திரத்தைக் காட்டாமல் எப்படி வேலை தேடுவார்? காட்டினால் பதிவு போயிற்று. காட்டாவிட்டால் பிழைப்புப் போயிற்று!

இந்தப் பிரிவு முதலாளியையும் கடித்ததுண்டு. மைக்ரோஃபைபர்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி, தன்னுடைய சோபா உறைத் துணிப் பூவேலைகளைக் காப்பியடித்தார்கள் என்று டில்லி ஹைகோர்ட்டில் வழக்காடியது. துணியில் ஏற்றுவதற்கென்றே செய்த வேலை டிசைன்தான்; பதிவு செய்யாமல் ஏற்றிவிட்ட பின் காப்பிரைட் நிற்காது என்று 2009-ல் இரண்டு நீதிபதிகள் கொண்ட பெஞ்சு சொல்லிவிட்டது. கம்பெனிக்கு அது ஒரு வழக்கின் தோல்வி. அடுத்த டிசைனைப் பதிவு செய்ய அதற்கு வக்கீல் படை இருக்கிறது. ஒற்றைத் தூரிகையுடன் இருக்கும் சித்திரக்காரிக்கு அது பிழைப்பின் முடிவு.

இந்தப் பட்டா பிறந்த கதை

டிசைனுக்குப் பட்டா என்ற எண்ணம் எங்கே பிறந்தது? நம் சாயக்காரர்களின் வயிற்றில் அடித்த இடத்தில்தான் பிறந்தது.

பதினேழாம் நூற்றாண்டில் மசூலிப்பட்டினம், பழவேற்காடு முதலான சோழமண்டலக் கரைத் துறைமுகங்களிலிருந்து சீட்டித் துணி கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குப் போயிற்று. கடுக்காய்ச் சாற்றில் துணியைப் பதப்படுத்தி, படிகாரம் கலந்து கையால் கோடு இழுத்து, சாயவேரில் கொதிக்க வைத்துச் சிவப்பு ஏற்றி, மெழுகு பூசி அவுரியில் முக்கி நீலம் ஏற்றி, வாரக்கணக்கில் பாடுபட்டு முடித்த துணி அது. துவைத்தாலும் சாயம் போகாது. அன்று ஐரோப்பாக்காரனுக்கு அந்த வித்தை தெரியாது. லண்டன் சீமாட்டிகளும் பாரிஸ் பிரபுக்களும் அதைக் கட்டில் திரையாகவும், ஜன்னல் திரையாகவும், சுவர்த் தொங்கலாகவும் மாட்டினார்கள். இன்று ‘வீட்டு அலங்காரச் சாமான்’ என்று வியாபாரம் செய்கிறார்களே, அதற்கு அன்றைக்கே சரக்கு அனுப்பியவர்கள் நம் கரைக்காரர்கள்!

சரக்கு வென்றது, அங்குள்ள முதலாளிகளுக்கு வயிறு எரிந்தது. பிரான்ஸ் 1686-ல் சீட்டித் துணிக்குத் தடை போட்டு 1759 வரை நீட்டியது. இங்கிலாந்து 1700-ல் சட்டம் செய்து ஆசியாவின் சாயத் துணியை உள்நாட்டில் விற்கவும் உடுக்கவும் தடுத்தது; 1721-ல் அந்தத் தடையை இன்னும் இறுக்கியது. தடைச் சுவருக்குப் பின்னால் என்ன நடந்தது? நம் வித்தையைக் கற்றுக்கொண்டார்கள்! 1734-ல் புதுச்சேரியில் பொலியோ என்ற பிரெஞ்சுக் கப்பல் அதிகாரி ஒரு சாயக்காரரைத் தம் கண் முன்னால் வேலை செய்யச் சொல்லி, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துண்டுத் துணியை எடுத்து வைத்துக் குறிப்பு எழுதிக்கொண்டார். அந்தத் துண்டுகள் இன்றும் பாரிஸில் இருக்கின்றன. 1742-ல் கேர்து என்ற பாதிரியார், தம்மிடம் ஞானஸ்நானம் பெற்ற சாயக்காரர்களிடம் விசாரித்து, முறை முழுவதையும் கடிதமாக எழுதி அனுப்பினார். அது அச்சாகி ஐரோப்பா எங்கும் படிக்கப்பட்டது. குறிப்பு எழுதியவர் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. கை அசைத்துக் காட்டிய சாயக்காரர் பெயர்?

1774-ல் இங்கிலாந்து தன் நாட்டில் நெய்து அச்சடித்த பருத்தித் துணிக்கு மட்டும் தடையை எடுத்தது. பதின்மூன்று வருஷம் கழித்து, 1787-ல், லினன், பருத்தித் துணிகளில் புதுப் பூவேலை போடுகிறவருக்கு இரண்டு மாதம் தனி உரிமை என்று ஒரு சட்டம் செய்தது. 1794-ல் அதை மூன்று மாதமாக்கியது. துணி டிசைனுக்கு இங்கிலாந்தில் பிறந்த முதல் பட்டா இதுதான். அந்தப் பட்டா யாருக்கு? தானே வரைந்து அச்சடித்தவருக்கு மட்டுமல்ல. ஆள் வைத்து வரையச் செய்து சொந்தக்காரர் ஆனவருக்கும்! பிறக்கும்போதே இந்தச் சட்டம் முதலாளியின் மடியில்தான் பிறந்தது.

கோர்வையைப் பாருங்கள். முதலில் நம் சரக்கைத் தடுத்தார்கள். பிறகு நம் வித்தையை இலவசமாக எடுத்தார்கள். எடுத்து முடித்த பிறகு, “இனிமேல் ஒருவர் பூவை ஒருவர் திருடக்கூடாது” என்று தர்மம் பேசினார்கள். வேலி தாண்டி வந்து மேய்ந்த மாடு, மேய்ந்து முடித்ததும் வேலி போட்டுக்கொண்ட கதை!

இன்றும் அந்தக் கோர்வை அறுபடவில்லை. கோடிக்கணக்கான சித்திரங்களைக் கேட்காமல் கொள்ளாமல் கணிப்பொறிக்கு ஊட்டி, நொடியில் புதுப் பூவேலை துப்ப வைக்கிறார்கள். 2023 ஜனவரியில் அமெரிக்கச் சித்திரக்காரர்கள் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார்கள். அன்று பாதிரியாரின் கடிதம், இன்று கணிப்பொறி. எடுப்பது இலவசம்; விற்பது விலைக்கு!

பெயருக்குப் பாதுகாப்பு, பிழைப்புக்கு?

“சர்க்கார்தான் புவிசார் குறியீடு கொடுத்திருக்கிறதே!” என்று சிலர் சமாதானம் சொல்லுகிறார்கள். உண்மைதான். ஸ்ரீகாளஹஸ்திக் கலங்காரிக்கு உண்டு, மசூலிப்பட்டினத்துக்கு உண்டு, கோயில் தொம்பையும் விதானமும் தீட்டும் நம் கருப்பூர்க் கலங்காரிக்கு 2021-ல் கிடைத்தது. நாம் அதை வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அது எதைக் காக்கிறது? பெயரை! வேறு ஊர்ச் சரக்கைக் ‘கருப்பூர்க் கலங்காரி’ என்று பொய்ப் பெயரில் விற்றால் தடுக்கலாம். அதே தாமரையை, அதே யாளியை ஒரு கம்பெனி யந்திரத்தில் அடித்துப் ‘பூப்போட்ட திரைச்சீலை’ என்று விற்றால் இந்தக் குறியீடு எட்டிப் பார்க்காது. பெயர்ப் பலகை ஊருக்கு. பணப்பெட்டி வேறு ஒருவருக்கு.

அதற்காகத் தாமரைக்கும் மயிலுக்கும் வேலி போட வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. பாட்டன் முப்பாட்டன் காலத்துக் கோலமும் கொடியும் ஊர்ப் பொதுச் சொத்து, மந்தைவெளி மாதிரி. அதில் எவனுக்கும் தனிப் பட்டா கூடாது. நாம் கேட்பது கைக்கு நியாயமான கூலி. புதிதாகப் படைத்ததற்கு நியாயமான பங்கு.

சுவர்த்தாளுக்குப் பின்னால் ரத்தம்

சுவர்த்தாளை அழகுச் சாமான் என்கிறார்கள். அதன் பின்னால் பசை மட்டும் இல்லை, ரத்தமும் உண்டு. பாரிஸில் ரெவெய்யோன் என்ற முதலாளி பெரிய சுவர்த்தாள் ஆலை வைத்திருந்தார். முந்நூறுக்கு மேற்பட்டோர் வேலை பார்த்தார்கள். அரண்மனைகளுக்கும் மாளிகைகளுக்கும் அங்கிருந்து பூவேலைத் தாள் போயிற்று. 1789 ஏப்ரலில் ரொட்டி விலை ஏறி ஜனங்கள் பட்டினி கிடந்த வேளையில், கூலியைக் குறைக்க வேண்டும் என்று அந்த முதலாளி பேசியதாகச் செய்தி பரவியது. அந்தப் பேட்டைத் தொழிலாளிகள் கொதித்தெழுந்தார்கள். ஏப்ரல் 28-ல் முதலாளியின் மாளிகை சூறையாடப்பட்டது. பட்டாளம் வந்து சுட்டது. பலர் மாண்டார்கள். பதினொரு வாரத்தில், ஜூலை 14-ல், அதே வட்டாரத்து ஜனங்கள் திரண்டு பாஸ்டில் சிறையைத் தகர்த்தார்கள்!

இன்னொரு பெயரும் சொல்ல வேண்டும். வில்லியம் மாரிஸ். இங்கிலாந்தில் கையால் பூவேலை வரைந்து சுவர்த்தாளும் துணியும் செய்தவர். தெருமுனையில் நின்று சோஷலிசம் பேசியவர். பழத்தைத் திருடும் குருவிகளை வைத்து அவர் போட்ட பேர்பெற்ற துணி டிசைன் 1883-ல் வந்தது. அவர் சோஷலிஸ்ட் இயக்கத்தில் சேர்ந்ததும் அதே வருஷம்தான். அவர் மகள் மே மாரிஸும் அந்த வருஷத்தில் ஒரு கொடிப்பூ டிசைன் வரைந்தார். அது நெடுங்காலம் தகப்பனார் கைவேலை என்றே பேசப்பட்டது. வரைந்தவர் பெண்ணாக இருந்துவிட்டால் பெயரும் போகும்!

மாரிஸ் 1896-ல் காலமானார். 1940-ல் அவருடைய கம்பெனி மூடியதும் சுவர்த்தாள் தொழிலைச் சாண்டர்சன் கம்பெனி வாங்கியது. பழைய டிசைன்களின் காப்பிரைட் என்றோ காலாவதி ஆயிற்று. ஆனாலும் மாரிஸ் பெயரையும் பழைய மாதிரிகளையும் கையில் வைத்திருக்கிற குழுமம் இன்று லைசென்ஸ் கொடுத்துப் பணம் பண்ணுகிறது. 2018-ல் எச் அண்ட் எம் என்ற பெரிய ஜவுளிக் கம்பெனி மாரிஸ் பூவேலை போட்ட உடைகளை விற்றது. கைவேலைக்காரன் யந்திரத்தின் அடிமையாகக் கூடாது என்று ஆயுள் பூராவும் பேசிய மனிதரின் பூ, மலிவுக் கூலியில் ஓடும் உலக ஜவுளிச் சந்தையில் விலை போகிறது. அந்த உடையில் மாரிஸ் பெயர் இருந்தது. தைத்த பெண்ணின் பெயர் இருந்ததா?

இரண்டு கையை மோத விடும் தந்திரம்

முதலாளிமார் இன்னொரு வாதம் வைத்திருக்கிறார்கள். “வரைந்தவருக்கு ராயல்டி கூட்டினால் சரக்கு விலை ஏறும், ஆர்டர் போகும், தைக்கிறவருக்கும் நெய்கிறவருக்கும் கூலி குறையும்” என்கிறார்கள். அதாவது, சித்திரக்காரி கேட்கும் சோறு தையற்காரியின் தட்டிலிருந்து வருமாம்!

ஏன் அங்கிருந்து வர வேண்டும்? நாம் போட்ட கணக்கை மறுபடி எடுங்கள். 1,000 ரூபாய்ச் சுருள் கடையில் 2,000 ரூபாய். வரைந்தவருக்கு 30. நடுவில் நிற்கும் ஏஜெண்டுக்கு 20. மொத்த விலைக்கு மேல் கடை வரைக்கும் ஏறிய 1,000 ரூபாயைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை! பூ வரைந்த கையும், சாயம் காய்ச்சிய கையும், தையல் போட்ட கையும் 10 ரூபாய்க்குச் சண்டை போட வேண்டும். 1,000 ரூபாய் சத்தமில்லாமல் படியேறிப் போக வேண்டும். இதுதான் தந்திரம். பண்ணையாள் கூலி கேட்டால் சிறு குத்தகைக்காரனை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் மறைந்துகொண்ட மிராசுதாரை நாம் அறிவோம். அவர் இன்று கோட்டுப் போட்டுக்கொண்டு டிசைன் வியாபாரத்துக்கு வந்திருக்கிறார்.

நாம் கேட்பது என்ன?

முடியாததை நாம் கேட்கவில்லை. ஒரு முன்மாதிரி இந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. சினிமாப் பாட்டு எழுதுகிறவர்களும் மெட்டமைக்கிறவர்களும் நெடுங்காலம் போராடினார்கள். 2012-ல் சட்டம் திருத்தப்பட்டது. படக் கொட்டகைக்கு வெளியே அந்தப் பாட்டைப் பயன்படுத்தினால் வரும் ராயல்டியில் சம பங்கு அவர்களுடையது. அதை எழுதிக் கொடுத்துவிட்டதாக யாரும் பத்திரம் வாங்க முடியாது. பாட்டுக்கு நியாயமானது பூவுக்கு நியாயம் ஆகாதா? ஆகவே நாம் கேட்கிறோம்:

ஒன்று: சம்பளத்துக்கு வரைந்தாலும், காசுக்கு வரைந்தாலும், அந்த டிசைன் விற்கும் வரைக்கும் வரைந்தவருக்கு ஒரு பங்கு உண்டு என்று சட்டம் சொல்ல வேண்டும். எந்தப் பத்திரமும் அதைப் பறிக்கக் கூடாது.

இரண்டு: ஒப்பந்தம் வரைந்தவருக்குத் தெரிந்த பாஷையில் இருக்க வேண்டும். எந்தச் சாமானுக்கு, எத்தனை வருஷத்துக்கு, எந்த நாட்டுக்கு என்று குறிக்க வேண்டும். ‘நிரந்தரமாக, உலகம் முழுவதும்’ என்ற ஷரத்து செல்லாது என்று ஆக்க வேண்டும்.

மூன்று: ஐம்பத்தோராவது பிரதியில் பட்டா எரியும் ஷரத்தைத் திருத்த வேண்டும். தனி ஆளுக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் டிசைன் பதிவு இலவசமாக வேண்டும்.

நான்கு: விற்பனைக் கணக்கைத் திறந்து காட்ட வேண்டும். மரக்காலைப் பிடிக்கும்போது சங்கத்தின் ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும்.

ஐந்து: கலங்காரி தீட்டுகிறவருக்கும் சாயம் போடுகிறவருக்கும் கட்டுபடியாகும் கூலி விகிதம் வேண்டும், ஆர்டர் தரகர் மூலமாக வராமல் கூட்டுறவுச் சங்கத்தின் மூலமாக வர வேண்டும். ராயல்டியைச் சாக்கிட்டு நெசவுக் கூலியிலோ தையல் கூலியிலோ ஒரு பைசா குறைக்கக் கூடாது.

இதில் நம் வேலை என்ன? ஆலையில் டிசைன் அறை என்று ஒன்று இருக்கிறது. அங்கே மேஜைக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்து வரைகிறவரை நாம் ‘ஆபீஸ் ஆள்’ என்று ஒதுக்கி வந்திருந்தால், இன்றோடு அது போகட்டும். அவரும் கூலிக்காரர்தான், அவர் கையில் இருப்பது தறிக்குப் பதில் தூரிகை. அவரைச் சங்கத்துக்குக் கூப்பிடுங்கள். வீட்டில் இருந்து வரைகிற பெண்களைக் கூப்பிடுங்கள். கையெழுத்துப் போடும் முன் பத்திரத்தைச் சங்கத்துக்குக் கொண்டுவந்து படித்துக் காட்டச் சொல்லுங்கள். தனியாகப் போடும் கையெழுத்து கைநாட்டுக்குச் சமம். கூடிப் போடும் கையெழுத்துதான் ஒப்பந்தம்!

உழுதவனுக்கே நிலம் என்று முழங்கிய நாடு இது. அந்த முழக்கத்தை வயல் வரப்போடு நிறுத்திவிட முடியாது. தறி மேடைக்கும் சாயத் தொட்டிக்கும் தூரிகை முனைக்கும் அது வர வேண்டும்.

உழுதவனுக்கே நிலம்! வரைந்தவருக்கே வடிவம்!